கரும்புகை நின்றால் மட்டும் டீசல் சுத்தமாகிவிடாது

2020-க்குப் பிறகு வந்த ஒரு டீசல் லாரியின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், டீசல் டேங்கோடு நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் இருக்கும், சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கும், அந்தப் பெட்டிக்குள் நாலைந்து சென்சார் ஒயர்கள் போய்க்கொண்டிருக்கும். பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை வரம்பு விதி) என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பெட்டிதான். இன்ஜின் எரித்துத் தள்ளும் கழிவை அதற்குள் கட்டம் கட்டமாகச் சுத்தம் செய்து, பிறகுதான் வெளியே விடுகிறார்கள். பெட்டி சரியாக வேலை செய்தால், இருபது வருடத்துக்கு முந்தைய லாரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு வெளியே வரும் காற்று சுத்தமாக இருக்கும். வேலை செய்யவில்லை என்றால்? நம் ஊர் புகைச் சோதனை மையத்தில் இருக்கும் கருவியால் அதை அநேகமாகக் கண்டுபிடிக்க முடியாது. புது வண்டிக்கு இவ்வளவு கடுமையாகச் சட்டம் போட்ட நாடு, அதே வண்டி ரோட்டில் ஐந்து வருடம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்று உருப்படியாகப் பார்ப்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம். அதைச் சொல்வதற்கு முன், டீசல் ஏன் இப்படிப் புகைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. வெறும் காற்றை சிலிண்டருக்குள் இழுத்துப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கினால், அந்த அமுக்கத்திலேயே காற்று 500, 600 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பீய்ச்சும், பீய்ச்சிய வேகத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் ஏற்கெனவே சீராகக் கலந்திருக்கும், இங்கே கலப்பதற்கு நேரமே இல்லை. பீய்ச்சும் தாரையின் நடுவில் டீசல் நிறைய, காற்று குறைவு. அடுப்பில் காற்றுக்கு வழி விடாமல் விறகைத் திணித்தால் கரி பிடிப்பதுபோல அந்த இடத்தில் கரித்துகள் உருவாகிறது. தாரையின் ஓரத்திலோ காற்று தாராளம், சூடு 1,600 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில், சாதாரணமாக எதோடும் சேராமல் சும்மா கிடக்கும் காற்றின் நைட்ரஜன்கூட ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். அதுதான் நைட்ரஜன் ஆக்சைடு, சுருக்கமாக நாக்ஸ்.

ஆக, ஒரே சிலிண்டருக்குள் ஒரே நொடியில் இரண்டு விதமான கழிவு. சூடு குறைந்தால் கரி கூடும், சூடு கூடினால் நாக்ஸ் கூடும். டைமிங்கை முன்னால் தள்ளி டீசலைச் சீக்கிரம் பீய்ச்சினால் நன்றாக எரியும், மைலேஜும் கிடைக்கும், ஆனால் நாக்ஸ் எகிறும். டைமிங்கைப் பின்னால் தள்ளினால் நாக்ஸ் அடங்கும், கரியும் டீசல் செலவும் ஏறும். பம்ப் டியூனிங் பார்க்கும் எந்த மெக்கானிக்குக்கும் இந்த இழுபறி கை அனுபவத்தில் தெரியும். இது எந்தக் கம்பெனியின் இன்ஜின் என்பதைப் பொறுத்தது இல்லை, டீசல் எரியும் முறையிலேயே இருக்கிறது. இன்ஜினுக்குள் மட்டும் வேலை பார்த்து இரண்டையும் ஒருசேர இன்றைய வரம்புக்குக் குறைக்க முடியாமல் போனதால்தான் வெளியே அந்தப் பெட்டி தேவைப்பட்டது.

இந்த இரண்டில் நம் கண்ணுக்குத் தெரிவது கரி மட்டும்தான், அதுவும் நிறைய வந்தால் மட்டும். டீசல் கரித்துகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பவை, தலைமுடியின் தடிமன் ஐம்பது அறுபது மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012 ஜூனில் டீசல் இன்ஜின் புகையை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் உண்டு என்று அர்த்தம். நாக்ஸ் பெரும்பாலும் நிறமில்லாமல் வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதியான நைட்ரஜன் டை ஆக்சைடு நேரடியாகவே ஆஸ்துமாக்காரர்களை வாட்டும். மிச்சம் வெயிலில் வேதிவினை நடந்து தரைமட்ட ஓசோனாகும், அம்மோனியாவோடு சேர்ந்து புதிய நுண்துகள்களாகவும் மாறும். சென்னை மாதிரி வருடம் முழுக்க வெயிலடிக்கும் ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, பெட்டிக்கு வருவோம். அதற்கும் முன்னால் டீசலையே சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் கந்தகம் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்ற கணக்கு) வரை இருக்கலாம், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. பிஎஸ்3-ல் அது 350, 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ்4-ல் 50, 2020 ஏப்ரல் முதல் 10. இந்த எண்கள் இறங்கியதைப் பெரிய விஷயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கந்தகம் எரிந்து வரும் ஆக்சைடு, பெட்டிக்குள் இருக்கும் பிளாட்டினப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும், கந்தக அமிலத் துளிகளாக மாறிப் புதுத் துகளையும் உண்டாக்கும். கந்தகம் இருக்கும் வரை எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் வீண். அதனால்தான் மணலி உட்பட நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் பணம் போட்டு மாற வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு பிஎஸ்5-ஐ விட்டுவிட்டு நேராக 6-க்குத் தாவுவோம் என்று அறிவித்தபோது முடியாது என்று சொன்னவர்கள் ஏராளம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 31-க்குப் பிறகு பிஎஸ்4 வண்டி விற்கவே கூடாது என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. சொன்ன தேதியில் நடந்தும் விட்டது. இந்த நாட்டில் ஒரு சுற்றுச்சூழல் விதி இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு குறைந்த காலத்தில் நிறைவேறியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பத்து பிபிஎம் டீசல் எல்லாப் பெட்ரோல் பங்கிலும் கிடைப்பதால் பழைய வண்டிகள் விடும் புகையில்கூடக் கந்தகம் குறைந்துவிட்டது, அந்த நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை.

வரம்புகள் எவ்வளவு இறங்கின என்றும் பார்த்துவிடலாம். கனரக லாரி இன்ஜினுக்கு பிஎஸ்4-ல் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராம் நாக்ஸ் அனுமதி, பிஎஸ்6-ல் அதே வேலைக்குச் சோதனை முறையைப் பொறுத்து 0.4 அல்லது 0.46 கிராம். டீசல் காருக்குத் துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கு வந்தது. கூடவே முதல் தடவையாகத் துகளின் எடையோடு எண்ணிக்கையையும் எண்ண ஆரம்பித்தார்கள், கிலோமீட்டருக்கு 60,000 கோடிக்கு மேல் கூடாது. கேட்க பயங்கரமாக இருந்தாலும், வடிகட்டி இல்லாத டீசல் வண்டி விடுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

இப்போது கழிவு போகும் வழியில் நாமும் போவோம்.

முதலில் ஈஜிஆர். வெளியே போகும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்பவும் சிலிண்டருக்குள்ளேயே அனுப்புவது. அதில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் சூடு இறங்கும், நாக்ஸ் பிறக்கும்போதே குறையும். பிஎஸ்4 காலத்தில் அசோக் லேலண்ட் இந்த வழியை நம்பித்தான் யூரியா இல்லாமலேயே லாரி விற்றது, டாடா தன் பெரிய லாரிகளில் யூரியா வழியை எடுத்தது. எது நல்லது என்று அப்போது லாரி ஸ்டாண்டுகளில் பட்டிமன்றமே நடந்தது. பிஎஸ்6-ல் நாக்ஸ் வரம்பு அவ்வளவு கீழே போய்விட்டதால் அந்த விவாதம் முடிந்தது, பெரிய லாரிகள் எல்லாமே யூரியாவுக்கு வந்துவிட்டன. ஈஜிஆரின் சங்கடம், கரி கலந்த புகை திரும்பி வரும் பாதையெல்லாம் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும் என்பது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்குப் பதில் குறுக்கே ஒரு தகடு வைத்து அடைத்துவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. வண்டி நன்றாக இழுக்கும், நாக்ஸ் பல மடங்காகும், ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பெட்டிக்குள் நுழைந்தவுடன் வருவது டிஓசி. பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூடு போன்ற பகுதி. எரியாமல் தப்பிய டீசல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் இங்கே எரித்துவிடுகிறார்கள். நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுவதும் இங்கேதான், அதற்கு அடுத்த கட்டத்தில் வேலை இருக்கிறது.

அடுத்தது டிபிஎஃப், கரி வடிகட்டி. பீங்கானில் செய்த ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், ஒன்றின் முன்பக்கம் அடைத்திருக்கும், அடுத்ததன் பின்பக்கம் அடைத்திருக்கும். அதனால் உள்ளே போன புகை வெளியேற வேண்டுமென்றால் துளைகள் நிறைந்த பீங்கான் சுவரைத் தாண்டித்தான் போக முடியும். கரி சுவரில் தங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வடிகட்டி துகள் எண்ணிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடித்துவிடுகிறது. வெள்ளைத் துணியை டெயில் பைப்பில் வைத்துப் பார்த்தால் கறை ஒட்டாது.

ஆனால் பிடித்த கரியை என்ன செய்வது? அங்கேயே எரித்தாக வேண்டும். ஹைவேயில் லோடோடு போகும்போது புகையின் சூடு 250 முதல் 400 டிகிரி வரை இருக்கும், டிஓசி தயாரித்துக் கொடுத்த நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தச் சூட்டில் கரியைச் சத்தமில்லாமல் எரித்துக்கொண்டே வரும். சேலத்திலிருந்து மும்பைக்கு லோடு அடிக்கும் டிரைவருக்கு டிபிஎஃப் என்று ஒன்று இருப்பதே பெரும்பாலும் தெரியாமல் போவது இதனால்தான். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறவே ஏறாது. பள்ளி வேன், தண்ணீர் லாரி, காலையில் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்பும் டீசல் கார், இவற்றில் கரி சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தது ஓர் அளவைத் தாண்டினால் இசியு என்ற இன்ஜின் கணினி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, பெட்டியின் சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றிக் கரியை எரிக்கப் பார்க்கும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போது பாதியில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும் அப்படியே. எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி ஆயில் மட்டம் ஏறும், டிபிஎஃப் லைட் எரியும், கடைசியில் வண்டி இழுக்காது. அப்போது ஓனர் கேட்பது, இதைக் கழற்றிவிட்டால் என்ன?

நகரத்துக்குள் தினமும் பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் ஓட்டப் போகிறவர் டீசல் கார் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை புறவழிச் சாலையில் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் பாதிப் பிரச்சினை வராது. ஆயிலும் முக்கியம். சாதாரண இன்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்து சாம்பலாக டிபிஎஃப்புக்குள் தங்கும், கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், மேனுவலில் எந்த கிரேடு என்று எழுதியிருக்கும். லிட்டருக்கு கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் வடிகட்டியை இழப்பது கண்ணைத் திறந்துகொண்டே நஷ்டத்தில் விழுவது.

கடைசிக் கட்டம் எஸ்சிஆர், நீல மூடி டேங்கின் வேலை இங்கேதான். அதில் இருப்பது டிஇஎஃப், ஆட்ப்ளூ என்ற பெயரிலும் விற்கிறார்கள், டிரைவர்கள் யூரியா என்றே சொல்வார்கள். 32.5 சதவீதம் மிகச் சுத்தமான யூரியா, மிச்சம் உப்பு நீக்கிய தண்ணீர், அவ்வளவுதான். சூடான புகையில் இதைப் பீய்ச்சினால் யூரியா உடைந்து அம்மோனியா கிடைக்கும், அந்த அம்மோனியா நாக்ஸோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகிவிடும். விஷவாயு ஒன்று நாம் ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கும் நைட்ரஜனாக மாறி வெளியேறுகிறது. சரியாக நடந்தால் நாக்ஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விடும். டீசல் வரலாற்றில் இதைவிட அழகான வேதியியல் வேலை வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 லிட்டர் யூரியா ஆகும். விலை டீசலைவிடக் குறைவு. இருந்தும் இதில்தான் அதிகத் தில்லுமுல்லு நடக்கிறது. வயலுக்குப் போடும் மானிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அது வண்டிக்கு ஆகவே ஆகாது. தண்ணீருக்கு போர்வெல் தண்ணீரையே கலந்தால் அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் யூரியா நாசிலை அடைக்கும், கேட்டலிஸ்ட் (எஸ்சிஆருக்குள் இருக்கும் வினையூக்கி) மேல் படிந்து அதைக் கொல்லும். விவசாயிக்குப் போக வேண்டிய மானியமும் போச்சு, ஒரு கேட்டலிஸ்ட்டும் போச்சு.

யூரியா தீர்ந்தால் வண்டி முதலில் எச்சரிக்கும், பிறகு இழுவையைக் குறைக்கும், அதற்கும் மசியாவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நடு ராத்திரியில் காட்டுப் பாதையில் இப்படி நின்ற டிரைவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தை நம்பித்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது: யூரியா ஊற்றாமலேயே எல்லாம் சரியாக நடப்பதாக இசியு-வை நம்பவைக்கும் சின்னப் பெட்டி. அதைப் பொருத்தினால் டேஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியாது. நாக்ஸ் சென்சார் போய்விட்டால் புதிது வாங்க ஆகும் செலவு, வாடகை ஏறாத காலத்தில் ஒற்றை லாரி ஓனருக்குப் பெரிய அடி. அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. சென்சாரின் விலையையும் ஆயுளையும் பற்றிக் கம்பெனிகளிடம் கேள்வி கேட்க வேண்டும், நீண்ட வாரன்டியைச் சட்டமாக்க வேண்டும். ஆனால் அந்த ஏமாற்றுப் பெட்டியைப் பொருத்திய லாரி, 2020-க்கு முந்தைய லாரியைவிடச் சுத்தமானது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. இன்ஜினை மைலேஜுக்காகச் சூடாக எரியும்படி வைத்து, வரும் நாக்ஸை எஸ்சிஆர் பார்த்துக்கொள்ளும் என்று வடிவமைத்திருப்பார்கள். எஸ்சிஆர் நின்றால் அத்தனையும் அப்படியே வெளியே.

யூரியாவை நம்பி ஒரு நாடே நிற்கும் நிலை வரும் என்பதை 2021-ல் தென் கொரியா பார்த்தது. அங்கே இதற்கான யூரியா கிட்டத்தட்ட முழுக்கச் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் சீனா ஏற்றுமதியை இறுக்கியதும் கொரிய லாரிகள் பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டின, விலை பல மடங்கு ஏறியது, நவம்பரில் ராணுவ விமானத்தையே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கொண்டுவந்தார்கள். சுத்தமான புகைக்கு ஒரு சப்ளை சங்கிலி தேவை, அது அறுந்தால் சரக்குப் போக்குவரத்தே அறுந்துவிடும்.

யூரியா ஒழுங்காக ஊற்றினாலும் எஸ்சிஆர் எல்லா நேரமும் வேலை செய்யாது, புகையின் சூடு 200 டிகிரி பக்கமாவது இருக்க வேண்டும். ஐடிலில் நிற்கும் லாரியின் புகை அந்தச் சூட்டுக்கு வருவதில்லை. சூடு இல்லாமல் பீய்ச்சினால் யூரியா பாறைபோல் இறுகி அடைத்துக்கொள்ளும் என்பதால் இசியு பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து, இன்ஜினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகரும் கன்டெய்னர் லாரி வரிசையை யோசித்துப் பாருங்கள். அதில் இருப்பது புத்தம் புது பிஎஸ்6 லாரியாகவே இருந்தாலும், காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு நாக்ஸ் விஷயத்தில் அதன் பலன் கொஞ்சம்தான் கிடைக்கும். அங்கே புகையைக் குறைக்க ஆகச் சிறந்த கருவி, லாரிக்கு நேரம் ஒதுக்கி வரச்சொல்லும் ஒரு ஒழுங்கான கேட் முறை. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தன. 2008 அக்டோபர் 1 முதல் 1989-க்கு முந்தைய லாரிகளை உள்ளே விடவில்லை, 2012 தொடங்கியபோது 2007-ஆம் வருட அமெரிக்க விதிக்கு உட்படாத எந்த லாரியும் உள்ளே வர முடியாது. துறைமுகம் என்பது ஒரு சில கேட் வழியாக மட்டுமே நுழையக்கூடிய இடம், கண்காணிக்க அதைவிட வசதியான இடம் ஏது?

ஆய்வகத்தில் சுத்தம், ரோட்டில் அசுத்தம் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஃபோக்ஸ்வாகன். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையிலான சின்னக் குழு, அதில் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர், புகை அளக்கும் கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டிப் பார்த்தது. ஒரு கார் வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு நாக்ஸ் விட்டது, இன்னொன்று 5 முதல் 20 மடங்கு. அதே கார்கள் ஆய்வகத்தில் வைத்தால் பாஸ். 2014-ல் அறிக்கை வந்தது, 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. சோதனை நடக்கிறது என்று மோப்பம் பிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கருவி வேலை செய்யாததால் நடந்த மோசடி இல்லை இது. கருவியை முழுநேரமும் ஓட்டினால் மைலேஜும் பாகங்களின் ஆயுளும் குறையும் என்பதால் வேண்டுமென்றே அணைத்து வைத்தார்கள். நம் ஊரில் ஈஜிஆருக்குத் தகடு வைப்பவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார், அளவுதான் வேறு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரோட்டில் ஓட்டி அளக்கும் சோதனை ஐரோப்பாவில் கட்டாயமானது, 2023 ஏப்ரல் முதல் இங்கேயும் புதுக் கார்களுக்கு வந்திருக்கிறது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். ரோட்டில் ஓடும் டீசல் வண்டிக்கு நாம் செய்யும் புகைச் சோதனை என்ன? வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்கிறார்கள், டெயில் பைப்பில் செருகிய குழாய் வழியே வரும் புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறார்கள். அதாவது எவ்வளவு கருப்பு. நாக்ஸ் அதில் அளக்கப்படுவதே இல்லை. ஈஜிஆரை அடைத்து, யூரியாவை நிறுத்தி, நாக்ஸைப் பத்து மடங்கு விடும் லாரி இந்தச் சோதனையில் தாராளமாக பாஸாகும், நன்றாகச் சூடாக எரிவதால் கரி இன்னும் குறைவாகவே தெரியும். டிபிஎஃப் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் இன்ஜின் வடிகட்டி இல்லாமலேயே கண்ணுக்குத் தெரியும் புகை அதிகம் விடாது. வடிகட்டியை வெட்டி எடுத்த வண்டிகூட இந்த அளவுகோலுக்குள் வந்துவிடலாம். சான்றிதழ் கையில், கோடிக்கணக்கான துகள் காற்றில்.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் ஓடும் வண்டிகளுக்கான காலமுறைச் சோதனையில் துகள் எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. வண்டியை ஐடிலில் விட்டுக் குழாயைச் செருகினால் ஒரு கன சென்டிமீட்டர் புகையில் எத்தனை துகள் என்று சொல்லிவிடும். ஜெர்மனியில் 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஃபெயில், மற்ற இரண்டிலும் 10 லட்சம். நல்ல வடிகட்டி உள்ள வண்டி சில ஆயிரத்தோடு நிற்கும், வெட்டி எடுத்த வண்டி பல பத்து லட்சங்களில் நிற்கும், நடுவில் குழப்பத்துக்கே இடமில்லை. நம் நாட்டில் முதலில் எஃப்சி-க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) வரும் பிஎஸ்6 லாரிகளுக்கும் பஸ்களுக்கும் மட்டுமாவது இதைத் தொடங்கலாம். புது லாரிக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அப்புறம் வருடாவருடம். 2020-ல் வந்த லாரிகள் அந்த வருடாந்திர வளையத்துக்குள் நுழையும் நேரம் நெருங்குகிறது, அதற்குள் கருவி தயாராக இருந்தால் நல்லது.

ரோட்டுக்கு வெளியே இருப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலும் அடுக்குமாடிக்கு அடியிலும் ஓடும் ஜெனரேட்டர்களுக்கு, 800 கிலோவாட் வரை, 2023 ஜூலை 1 முதல் புதிய விதி வந்தது, பல அளவுகளில் லாரிக்கு இருப்பதுபோன்ற பெட்டி வேண்டும். அதற்கு முன் விற்ற ஜெனரேட்டர்கள் அப்படியே ஓடுகின்றன, அவற்றுக்கு இருக்கும் முக்கியக் கட்டுப்பாடு புகைக்குழாயின் உயரம்: கட்டடத்துக்கு மேல், ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர். 100 கேவிஏ என்றால் 2 மீட்டர். குழாய் உயர்ந்தால் புகை கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கும், குறையாது. டிராக்டர்களில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் 2023 ஜனவரியில் விதி இறுகியது, நம் விவசாயிகள் வாங்குவதில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான். விவசாயியின் மேல் இன்னொரு செலவை ஏற்றத் தயங்குவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஜெனரேட்டர் விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

நாக்ஸை ஐடிலில் வைத்து அளப்பது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், லோடு இல்லாமல் அது சரியாகத் தெரியாது. அதனால் கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. ஓபிடி (வண்டி தன் பிழைகளைத் தானே பதிவு செய்துகொள்ளும் வசதி) உள்ள கனரக லாரிகள் 2025 முதல் வருடத்துக்கு இரண்டு முறை அந்தத் தகவலை அரசுக்குக் கொடுக்க வேண்டும், எந்த சென்சார் எப்போது பிழை காட்டியது, நினைவகத்தைச் சமீபத்தில் யாராவது அழித்தார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். இசியு-வையே ஏமாற்றும் பெட்டிகளை இது எப்போதும் பிடித்துவிடாது, ஆனால் துகள் எண்ணுவதோடு சேர்த்துச் செய்தால் தப்பிப்பவர்கள் குறைவார்கள். நம்மிடம் ஓடும் ஒவ்வொரு பிஎஸ்6 வண்டியிலும் அந்த ஓபிடி சாக்கெட் ஏற்கெனவே இருக்கிறது, கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டால் தட்டுப்படும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகி இரண்டே நிமிடத்தில் படிக்கிறார்கள். புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் அதைச் செருகச் சொல்லி ஒரு விதி இன்னும் வரவில்லை.